நாட்குறிப்பை அரிக்கும் மை

1846 பிப்ரவரியில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தின் நாவூ நகரைவிட்டு வெளியேறத் தொடங்கிய மோர்மன் என்னும் சமயப் பிரிவு மக்களின் முதல் அணி, பிரிகாம் யங் தலைமையில் 1847 ஜூலையில் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. 1869இல் ரயில் பாதை வந்து சேரும்வரை ஏறத்தாழ 70,000 பேர் அப்பகுதியை நோக்கிப் பயணம் செய்தனர். நடந்தவற்றை எழுதிவைப்பதை 1830 முதலே சமயக் கடமையாகக் கருதிய மக்கள் ஆதலால், வழிப்பயண நாட்குறிப்புகளும் கடிதங்களும் குடும்ப வரலாறுகளும் அவர்களுடைய வழித்தோன்றல்களின் வீடுகளில் ஏராளமாகத் தங்கின. யூட்டாவின் வறண்ட காற்று இத்தாள்களைப் பூஞ்சையிலிருந்து பெருமளவு காத்தது என்றாலும், மைக்குள்ளேயே இருந்த பகையை அதனால் தடுக்க முடியவில்லை.

அக்காலத்தில் பரவலாக வழங்கிய மை, மாசிக்காயிலிருந்து எடுத்த டானின் என்னும் துவர்ப்புப் பொருள், அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட், வேலம்பிசின் ஆகியவற்றைக் கலந்து செய்யப்பட்டது. எழுதும்போது வெளிறித் தெரியும் இந்த மை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கருத்து, தாளின் இழைகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அதே வினையில் கந்தக அமிலமும் உண்டாகிறது. அது தாளின் இழைகளை ஆக்கியுள்ள செல்லுலோஸ் சங்கிலிகளை அறுக்கிறது. டானினோடு சேராமல் எஞ்சிய இரும்பு அயனிகளோ செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றம் அடைவதை விரைவுபடுத்தும் வினையூக்கிகளாகின்றன. எழுத்தைச் சுற்றி முதலில் பழுப்பு நிறம் படர்கிறது, பின்னர் தாள் நொறுங்கி, எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிறது. ஈரப்பதம் மிகுந்தால் இரும்பு அயனிகள் இடம்பெயர்ந்து, எழுதாத பகுதியையும் தாக்குகின்றன. பென்சிலில் எழுதிய பயணக் குறிப்புகளுக்கு இந்த ஆபத்து இல்லை. கிராஃபைட் வெறும் கரி என்பதால் அது தேய்ந்து மங்கலாமே தவிர, தாளை அரிக்காது.

இதற்கான மருத்துவம் நுட்பமானது. இரும்பு அயனி பட்டால் சிவக்கும் சோதனைத்தாளை வைத்து, தனித்த இரும்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். இருந்தால், தானியங்களின் தவிட்டில் காணப்படும் ஃபைட்டிக் அமிலத்தின் கால்சியம் உப்புக் கரைசலில் தாளை நனைக்கிறார்கள். அந்த உப்பிலுள்ள ஃபைட்டேட் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. அடுத்து, கால்சியம் பைகார்பனேட் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. நீரில் கரையும் வேறு மைகள் அதே தாளில் இருந்தால் இந்தச் சிகிச்சை செய்யக்கூடாது. வீட்டில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பிளாஸ்டிக் உறையொட்டலும் (லேமினேஷன்) ஒட்டுநாடாவும், என் கருத்தில், மையைக் காட்டிலும் அதிகத் தீங்கு செய்தவை. அவற்றை அகற்றுவது மிகக் கடினம்.

சிகிச்சைக்கு அப்பால், வினைகளின் வேகத்தைக் குறைப்பதே காப்பகங்களின் அன்றாடப் பணி. வெப்பநிலை குறைந்தால் பொதுவாக வேதிவினைகள் தாமதப்படும். குளிர்ந்த, வறண்ட அறையில் தாளின் ஆயுள் பல மடங்கு நீள்கிறது. மோர்மன் திருச்சபையின் யூட்டா வம்சாவளிச் சங்கம் 1894இல் தொடங்கி, 1938இல் ஆவணங்களை நுண்படமாக்கும் (மைக்ரோஃபிலிம்) பணியில் இறங்கியது. அந்தச் சுருள்களைக் காக்க, சால்ட் லேக் நகருக்கு அருகே லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் கருங்கல் மலையைக் குடைந்து 1960களில் பெட்டகம் அமைத்தனர். அங்கிருந்த சுமார் 24 லட்சம் சுருள்களை மின்படமாக்கும் வேலை 2021இல் நிறைவுற்றது.

படம் இருக்கையில் மூலத்தைப் பேணுவானேன் என்று கேட்கலாம். பேரப்பிள்ளைகள் தட்டச்சு செய்த படிகளில் பலதார மணம், சண்டை, கடன் போன்றவை பேசும் வரிகள் விடுபட்டிருக்கக்கூடும். எந்த வரி வழியிலேயே பென்சிலால் எழுதப்பட்டது, எது ஆண்டுகள் கழித்து மையால் சேர்க்கப்பட்டது என்பதை மூலத்தாள் காட்டிக்கொடுக்கும்.