சோங்சிங் நூடுல்ஸில் உதடு ஏன் அதிர்கிறது?

காரமெல்லாம் நமக்குப் பழகியதுதானே என்ற தைரியத்தில்தான் சீனாவின் சோங்சிங் நகரத்தில், முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தெருக்கடையின் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தேன். வந்தது ஷியாவ்மியென், அந்த ஊர்க்காரர்கள் காலையிலேயே சாப்பிடுகிற நூடுல்ஸ். மேலே செக்கச்செவேலென்று மிளகாய் எண்ணெய் மிதந்தது. முதல் இரண்டு வாய் தெரிந்த காரம்தான், சமாளித்துவிடலாம் போலிருந்தது. மூன்றாவது வாயில் உதடு துடிக்க ஆரம்பித்தது. அது எரிச்சலே இல்லை, சட்டைப் பையில் போன் வைப்ரேட் ஆகிறதே, அந்த மாதிரி ஒரு நடுக்கம். அப்புறம் உதடு மரத்துப்போனது.

அங்கே இதற்கு ‘மா லா’ என்று பெயர். மா என்றால் மரத்துப்போவது, லா என்றால் காரம். இரண்டையும் தனித்தனிச் சொல்லாக வைத்திருப்பது எவ்வளவு சரி என்று அறிவியலைப் படித்த பிறகுதான் புரிந்தது. உடம்புக்குள் இவை இரண்டும் வெவ்வேறு வழியில் நடக்கிற சங்கதிகள்.

முதலில் லா. காரம் என்பது இனிப்பு, புளிப்பு மாதிரி ஒரு சுவை இல்லை, அது வலி. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நரம்பு முனைகளில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்தின் உண்மையான வேலை சூட்டை உணர்வது. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொண்டு, ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். கேப்சைசின் ஒட்டினால் அவ்வளவு சூடு இல்லாமலே திறந்துகொள்கிறது, மூளையும் வாய் வேகிறது என்றே நம்பிவிடுகிறது. முகம் வியர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். இந்தப் புரதத்தை 1997-இல் டேவிட் ஜூலியஸின் குழு அடையாளம் கண்டது. 2021-இல் மருத்துவ நோபல் பரிசை அவரும், தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டம் பட்டபூட்டியனும் பகிர்ந்துகொண்டார்கள்.

மா வருவது மிளகாயிலிருந்து இல்லை. ஹுவாஜியாவ் என்கிற சின்னஞ்சிறு காயின் உலர்ந்த தோலிலிருந்து வருகிறது. சிச்சுவான் மிளகு என்று உலகமே கூப்பிட்டாலும் அதற்கும் மிளகுக்கும் உறவு கிடையாது, ஆரஞ்சு, எலுமிச்சை குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. முகர்ந்து பார்த்தால் அந்த எலுமிச்சை வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். அதில் சான்ஷூல் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பு செல்லிலிருந்து பொட்டாசியம் சில சிறு வழிகள் மூலமாக எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துகொண்டிருக்கும், அந்தக் கசிவுதான் செல்லை அமைதியாக வைத்திருக்கிறது. சான்ஷூல் அந்த வழிகளில் சிலவற்றை அடைப்பதால் நரம்பு தானாகவே துடிக்கத் தொடங்குகிறது என்பது 2008-இல் வெளியான ஆய்வு தரும் விளக்கம்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. 2013-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஆட்களின் உதட்டில் இந்த மசாலாவைத் தடவினார்கள். விரலில் ஒரு கருவியால் அதிர்வு கொடுத்து, உதட்டில் தெரிகிற துடிப்போடு அது எப்போது ஒத்துப்போகிறது என்று கேட்டார்கள். பதில், நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வு. மெல்லிய நடுக்கத்தை உணர்வதற்கென்றே இருக்கும் தொடு நரம்புகள் வேலை செய்கிற வேகம் அது. அதாவது உதடு நிஜத்தில் ஆடவே இல்லை, ஆனால் ஆடுகிறது என்ற செய்தி மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரே கிண்ணத்திலிருந்து நெருப்பு என்று ஒரு பொய்ச் செய்தியும், அதிர்வு என்று இன்னொரு பொய்ச் செய்தியும்!

காரம் பழகிய நாக்கு இங்கே திணறுவதற்குக் காரணமும் இதுதான். கேப்சைசினை அடிக்கடி சாப்பிட்டால் அந்த நரம்புகள் மெல்ல மந்தமாகிவிடும். அக்கி வந்துபோன பிறகும் விடாமல் இருக்கும் நரம்பு வலிக்கு 8 சதவீத கேப்சைசின் பட்டை ஒட்டுகிறார்களே, அதுவும் இந்த மந்தத்தை நம்பித்தான். ஆனால் எத்தனை வருடம் மிளகாய் சாப்பிட்டிருந்தாலும் நமக்குக் கிடைத்திருப்பது லாவுக்கான பயிற்சி மட்டும்தான், மாவுக்கு நாம் எல்லோரும் புதுசு.

கடையில் உட்கார்ந்திருக்கும்போது பயன்படுகிற விஷயங்களும் இதிலேயே இருக்கின்றன. டிஆர்பிவி1-ஐ உண்மையான சூடும் திறக்கும், புளிப்பும் தூண்டும், அதனால் கொதிக்கக் கொதிக்க வரும் குழம்பில் அதே மிளகாய் இன்னும் உறைக்கும், வினிகர் ஊற்றினால் அதற்கு மேலும். இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். குளிர்ந்த பீர் உதவும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் ஆல்கஹால் அந்தப் புரதம் திறக்கிற அளவைச் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது, அது நம் உடல் சூட்டைவிடக் குறைவு. தண்ணீரில் கேப்சைசின் கரையாது. பால் நல்லது, கொழுப்பு எடுத்த பாலாக இருந்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் பாலின் புரதமே கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு காரத்தில் கிருமி பிழைக்காது என்று பயணிகள் பேசிக்கொள்வார்கள். கிண்ணத்தில் இருக்கிற மிளகாய் கிருமியைக் கொல்லும் என்று நம்பிச் சாப்பிடக் கூடாது. கண்ணெதிரே கொதிக்கும் தண்ணீரில் நூடுல்ஸை முக்கி எடுக்கிறார்களா, மேலே தூவும் பச்சை இலைகள் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், டிஆர்பிவி1 வாயில் மட்டும் இல்லை, குடலின் கடைசி வரை இருக்கிறது, செரிக்காமல் மிஞ்சும் கேப்சைசின் போகிற வழியெல்லாம் அதைத் தொட்டுக்கொண்டே போகும். மறுநாள் காலை நீண்ட பஸ் பயணம் இருந்தால், முந்தின இரவு கடைக்காரரிடம் ‘வெய் லா’ என்று சொல்லுங்கள், கொஞ்சம் காரம் போதும் என்று அர்த்தம்.