பழைய சைக்கிளில் கோன் ஏன் தேய்கிறது, காட்டர் பின் ஏன் ஆடுகிறது

பழைய சைக்கிளைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் பெயின்ட் டப்பாவைத்தான் தேடுகிறார்கள். தினமும் ஓட்டப்போகிற வண்டிக்கு அது கடைசி வேலை. மேலே படிந்த துருவோடு இரும்பு ஃபிரேம் பல வருஷம் தாங்கும். மிதிக்க விடாமல் செய்வது, உள்ளே காய்ந்துபோன கிரீஸும் குழி விழுந்த கோனும்தான்.

சக்கரத்தின் நடுவிலுள்ள உருளைதான் ஹப்; அதன் இரு முனையிலும் கிண்ணம் போன்ற கப் இருக்கிறது. அச்சின் மரையில் ஏறி உட்காரும் கூம்பு வடிவ நட்டுதான் கோன். இரண்டுக்கும் நடுவில் பால்ரஸ் குண்டுகள் உருள்கின்றன. சக்கரம் சுற்றும்போது கப்பும் கூடவே சுற்றுவதால் தேய்மானம் அதன் வட்டம் முழுக்கப் பரவிவிடும். கோன் சுற்றாது. ஓட்டுபவரின் எடை எப்போதும் அதன் அடிப்பக்கத்திலேயே விழுவதால், முதலில் குழி விழுவது அங்கேதான். பால்பாயின்ட் பேனா முனையைக் கோனின் பாதையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியிலும் முனை தட்டி நிற்கும். தட்டினால் அந்தக் கோனை மாற்றியே ஆகவேண்டும், கிரீஸால் அதைக் காப்பாற்ற முடியாது.

கழற்றியதும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். குண்டுகளை மட்டும் மொத்தமாகப் புதிதாகப் போடுங்கள். பழையதும் புதியதும் கலந்தால், மயிரிழை பெரிதாக இருக்கும் குண்டே பாரம் முழுவதையும் சுமக்கும். பொதுவாக முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு (3/16 அங்குலம்), பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 (1/4 அங்குலம்), கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அச்சில் பக்கத்துக்கு 11 (1/4 அங்குலம்). ஆனாலும் கழற்றும்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

நிதானம் தேவைப்படுவது கோனை இறுக்கும்போதுதான். கோனை விரலால் முட்டும்வரை திருகி, கால் சுற்றுக்குள் பின்வாங்கி, கோன் ஸ்பேனரால் (மெல்லிய ஸ்பேனர்) அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே இருக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட்டு இறுகும்போது மரையிலுள்ள இடைவெளி அடைபட்டு, கோன் கொஞ்சம் உள்ளே தள்ளப்படும். முன்கூட்டியே சற்றுத் தளர்வாக விடுவது அதற்காகத்தான். இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்க்காமல் இது சரியாக அமையாது. சக்கரத்தை வண்டியில் மாட்டி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பிறகு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வால்வு பக்கவாட்டில் வரும்படி வைத்து விடுங்கள். கனமான பக்கம் தானாகக் கீழிறங்கி, இப்படியும் அப்படியும் ஊசலாடி நின்றால் இறுக்கம் சரி. பாதியிலேயே நின்றால் கோன் அதிகம் இறுகியிருக்கிறது.

அடுத்தது காட்டர் பின். கிராங்கின் ஓட்டை வழியே குறுக்கே நுழையும் இந்த ஆணியின் சாய்ந்த தட்டைப் பக்கம்தான் கிராங்கை அச்சோடு பிணைக்கிறது. நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் அந்த மெல்லிய மரை வழுக்கிவிடும். பின்னை அடித்தோ அழுத்தியோதான் உட்காரவைக்க வேண்டும்; நட்டின் வேலை அது வெளியேறாமல் பிடித்துவைப்பது மட்டுமே. அடிக்கும்போது கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை நிறுத்தி முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அடி முழுவதும் குண்டுகள் வழியாக இறங்கி கப்பில் பள்ளம் போடும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைந்தால்தான் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். முதல் சில நாள் ஓட்டத்தில் பின் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், அப்போது மறுபடி அடித்து நட்டை இறுக்குங்கள். அதை விட்டுவிட்டால், மிதிக்கும்போது டக் டக்கென்று சத்தம் வந்து அச்சில் பின் உட்காரும் வெட்டே தேய்ந்துபோகும்.

இடது பெடலின் மரை தலைகீழானது. கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.

செயினின் தேய்மானம் பார்க்க ஒரு ஸ்கேல் போதும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். 12⅛ ஆகிவிட்டால் செயினை மாற்றுங்கள், பின்பக்கப் பல்சக்கரத்தின் பல்லையும் பாருங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் பாரம் ஏறும்போது குதிக்கும்.

குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் பிரேக்கை ஏறக்குறைய பிடிக்கவே விடாது. மழையிலும் ஓட்டுவதாக இருந்தால், மற்றதெல்லாம் பழையதாகவே இருக்கட்டும், ரிம்மை மட்டும் அலுமினியத்துக்கு மாற்றுங்கள்.