தூண்களை விறகுக்குக் கொடுக்காதீர்கள்

போன கிழமை திருகோணமலை நகரத்துக்குள் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு பழைய நாற்சார் வீட்டைத் திருத்த மதிப்பீடு போடக் கூப்பிட்டார்கள். நான் போவதற்கு இரண்டு நாள் முந்தியே விறாந்தைத் தூண்கள் ஆறையும் கழற்றி வேலியோரம் போட்டிருந்தார்கள். எல்லாம் முதிரை மரத்தில் கடைந்தவை. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். தரையோடு நின்ற அடியில் நாலு விரல் அளவு உக்கியிருந்தது. அதற்கு மேலே, தாமரை மொட்டுப் போலக் கடைந்த இடத்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. தடவினால் ஓடாவியின், அந்த மரத்தச்சரின், உளி போன கோடு விரலில் தட்டுப்படுகிறது.

"விறகுக்குக் கேட்டு ஆள் வந்தது தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா.

இந்த வருடம் மட்டும் நான் பார்த்த நாலாவது வீடு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

படவரைஞராகத் தொடங்கி, இப்போது பழைய வீடுகளைத் திருத்துவதே என் தொழிலாகிவிட்டது. எங்கே போனாலும் ஒரே பேச்சு: "சுண்ணாம்புச் சுவர் உதிருது, சீமெந்து பூசினால் பலம்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஐயா, உங்கள் சுவரை உதிர வைப்பதே அந்தச் சீமெந்துதான். சுண்ணாம்புச் சுவர் மாரியில் ஈரத்தைக் குடிக்கும், கச்சான் காற்றுக்கு அதை வெளியே விடும். பிறந்த நாள் முதல் அதற்குத் தெரிந்த வேலை அதுதான். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், பிறகு மேலே ஏறும். கடலுக்குப் பக்கத்து ஊர் இது. ஈரத்தோடு உப்பும் வரும். பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு விழும். உடனே என்ன செய்கிறோம்? "பூச்சு காணாது" என்று இன்னொரு சீமெந்துப் பூச்சு. ஒரு வீட்டில் சுரண்டச் சுரண்ட மூன்று பூச்சு வந்தது. மூன்றாவதுக்குப் பின்னால் செங்கல் மாவாகக் கொட்டியது. அந்தக் காசில் வீடு முழுவதும் சுண்ணாம்பு பூசியிருக்கலாம்.

சீமெந்தோடு எனக்குப் பகை இல்லை. மாபிள் பதிக்க நீங்கள் கொத்தி எறியும் அந்தச் சிவப்புத் தரையும் சீமெந்துதான். மினுக்கிவிட்டால் முகம் தெரியும். எதை எதன்மேல் பூசுவது என்பதுதான் கேள்வி.

இதைவிட மனதை நோகச் செய்யும் கேள்வி ஒன்று உண்டு. "அழகு சோறு போடுமா தம்பி?"

கதவு நிலைக்கு மேலே பூவேலையாக அறுத்த பலகை இருக்கிறதே, அது அழகுக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சூடான காற்று வெளியே போகிற வழி அது. பிளைவுட் அடித்து மூடிவிட்டு, "வீட்டுக்குள் இருக்க முடியவில்லை" என்கிறார்கள். சரி, ஒரு பயனும் இல்லை என்றே வையுங்கள். அப்போதும் அந்தப் பூவை அறுத்து எறிய எனக்குக் கை வராது. வெயில் ஏறும்போது அந்தப் பூ தரையில் விழும். அதன்மேல் கால் வைத்து விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்!

நான் வேலை செய்த இன்னொரு வீட்டில் என் சொல்லைக் கேட்காமல் விறாந்தையை அலுமினியமும் கண்ணாடியும் போட்டு அடைத்தார்கள். அங்கே ஒரு ஆச்சி. முன்பெல்லாம் பின்னேரம் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து, தெருவால் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கிறார். "ஆரும் வாறதில்லை மகன்" என்றார். அவரை வீட்டுக்குள் தள்ளியது நோய் அல்ல, நாங்கள் போட்ட கண்ணாடி.

போரிலும் 2004 சுனாமியிலும் வீடிழந்தவர்களுக்கு அவசரமாகக் கட்டிய பெட்டி வீடுகளை நான் குறை சொல்லவில்லை. தலைக்கு மேலே கூரை வேண்டியிருந்த காலம் அது. அத்தனையையும் தாண்டி நின்ற வீடுகளை, காசு கையில் வந்த பிறகு நாமே உடைக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததை இன்றைக்கும் வயிறெரியச் சொல்கிறோம். 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்ததைக் கண் கலங்கச் சொல்கிறோம். அந்தத் திருமேனிகளை மண்ணுக்குள் பத்திரப்படுத்தியவர்களின் ஊர் இது. அவர்கள் பிள்ளைகள் நாம், தூணை விறகுக்குக் கொடுக்கலாமா?

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைப் பற்றியது. தனியாக அறிவித்தால் தவிர, உங்கள் பூட்டனார் கட்டிய வீட்டுக்கு நீங்கள்தான் காவல்.

ஆகவே, எதையும் கழற்ற முந்தி நாலு பக்கமும் படம் எடுங்கள். கழற்றியதற்கு இலக்கம் போடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சீமெந்தோ பிளாஸ்ரிக் பெயின்றோ படவே கூடாது. சுண்ணாம்பே பூசுங்கள், வெள்ளையடியுங்கள். சுண்ணாம்பை ஊற விடாமல் அன்றைக்கே குழைக்கும் மேசனை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். தைப்பொங்கலுக்குள் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று கொட்டும் மாரியில் அவசரப்படாதீர்கள். சுவர் காயட்டும், பங்குனி வரைக்கும் பொறுங்கள். மரவேலையில் எனாமலை அப்பி உளிக்கோட்டை மூடாதீர்கள், எண்ணெய் போதும். பழைய கதவுக்கு விலை பேசி ஆள் வந்தால், தயவு செய்து ஒரு இரவு பொறுத்துப் பதில் சொல்லுங்கள்.

அந்த ஆறு தூண்களுக்கும் உக்கிய அடியை வெட்டிவிட்டு, கருங்கல் பாதம் வைத்து நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புதுக் கொங்கிறீற் தூணைவிடச் செலவு குறைவு. மகனோடு கதைத்துவிட்டுச் சொல்வதாக அம்மா சொன்னார். மழை தொடங்கப் போகிறது. தூண்களுக்குக் கீழே இரண்டு கல் அணை வைத்து, தார்ப்பாயால் மூடிவிட்டு வந்தேன்.