பதக்கம் யாருக்கு என்று கணக்குக்குத் தெரியுமா?

ஒலிம்பிக் நெருங்கும்போதெல்லாம், ஒரு வீரர்கூடக் களத்தில் இறங்கும் முன்பே பதக்கப் பட்டியல் ஒன்று வெளியாகிவிடுகிறது. இந்த நாட்டுக்கு இத்தனை தங்கம், அந்த நாட்டுக்கு இத்தனை வெள்ளி என்று. "நாடுகளின் மொத்த எண்ணிக்கை ஓரளவு சரியாக வந்துவிடுகிறது. ஆனால் யார் ஜெயிப்பார் என்பது மட்டும் அடிக்கடி தப்பிவிடுகிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஆண்ட்ரூ பெர்னார்ட், மேகன் புஸ்ஸே என்ற இரண்டு பொருளியலாளர்கள் நாடுகளுக்கான சமன்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் போட வேண்டியவை கொஞ்சம்தான்: மக்கள்தொகை, தனிநபர் வருமானம், போட்டியை நடத்தும் நாடா இல்லையா, முந்தைய ஒலிம்பிக்கில் எவ்வளவு வாங்கியது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்கா 97 பதக்கம் வாங்கும் என்றது அவர்கள் கணக்கு. 97 வந்தது. (ஊக்கமருந்து விவகாரத்தில் அவற்றில் சில பிற்பாடு பறிபோயின. அதற்கெல்லாம் சமன்பாட்டில் இடம் கிடையாது.) வேடிக்கை என்னவென்றால், இதில் ஒரு விளையாட்டு வீரரின் பெயர்கூட இல்லை. ஈட்டி என்றால் என்ன என்றே தெரியாத ஒருவர்கூட இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

பெயரே தெரியாமல் எப்படிச் சரியாக வருகிறது? பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுவதால்தான். ஒரு நாட்டுக்கு 100 போட்டிகளில் தலா 50 சதவீதம் பதக்க வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நாணயம் சுண்டுவதுதான். ஆனால் மொத்தம் 50-ஐ ஒட்டியே வரும். திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு, வெறும் 5. பத்தில் ஏழு முறை 45-க்கும் 55-க்கும் இடையில் வந்து நிற்கும். எதிர்பாராமல் ஒருவர் தோற்றால், எதிர்பாராமல் இன்னொருவர் ஜெயித்து ஈடுகட்டிவிடுவார். அணி முழுக்க ஒரே காய்ச்சலில் படுத்தால் இந்த ஈடுகட்டல் நடக்காது, அது வேறு விஷயம்.

சரி, இப்போது அந்தத் தனி ஒருவருக்கு வருவோம்.

ஒரு வீரரின் திறமையை ஒற்றை எண்ணாக நினைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். "இவர் 86 மீட்டர் எறிபவர்" என்கிறோம். உண்மையில் அவரிடம் இருப்பது ஒரு பரவல். சில நாள் 84, சில நாள் 88. பள்ளியில் பார்த்த மணி வடிவ வளைகோடுதான். அதற்கு இரண்டு குணங்கள்: சராசரி எங்கே நிற்கிறது, எவ்வளவு அகலமாகப் பரந்திருக்கிறது. கணிப்பவர்களில் பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பதக்கத்தைப் பல நேரம் தீர்மானிப்பது இரண்டாவது.

ஈட்டி எறிதலில் இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் சீரானவர்: சராசரி 86 மீட்டர், திட்டவிலக்கம் 1.5 மீட்டர். இன்னொருவர் தாறுமாறானவர்: சராசரி 84 மீட்டர்தான், ஆனால் திட்டவிலக்கம் 3.5 மீட்டர். ஆளுக்கு ஒரே ஒரு முறை எறிந்தால் 100-க்கு 70 தடவை சீரானவர்தான் ஜெயிப்பார். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் ஒரு முறை அல்ல, ஆறு முறை எறியலாம். 2024 பாரிஸில் பன்னிரண்டு பேருக்குத் தலா மூன்று, அவர்களில் முதல் எட்டுப் பேருக்கு மேலும் மூன்று. அந்த ஆறில் மிகத் தொலைவு போன ஒன்றுதான் கணக்கில் சேரும், மற்ற ஐந்தும் எவ்வளவு மோசமானாலும் தண்டனை இல்லை. இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. இப்படிப்பட்ட பரவலில் ஆறு முயற்சிகளின் அதிகபட்சம், சராசரியைவிடச் சுமார் 1.27 மடங்கு திட்டவிலக்கம் மேலே இருக்கும். சீரானவருக்கு 86-உடன் 1.9 கூட்டினால் 87.9. தாறுமாறானவருக்கு 84-உடன் 4.4 கூட்டினால் 88.4! அதே இரண்டு பேர், அதே கைகள். விதி மாறியதும் இப்போது 100-க்கு சுமார் 57 தடவை தாறுமாறானவர் ஜெயிக்கிறார். 90 மீட்டரைத் தாண்டுவதை மட்டும் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆறு வாய்ப்பில் சீரானவர் அதைத் தாண்ட 100-க்கு 2 வாய்ப்பு, தாறுமாறானவருக்கு 23.

இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை. சராசரியில் இரண்டு மீட்டர் பின்தங்கியவர் தங்கத்துக்கு முன்னணியில் இருக்கிறார், அதற்கு அவருடைய குறையே காரணமாகவும் இருக்கிறது! ஆனால் ஏதாவது ஒரு பதக்கம் போதும், வெண்கலமானாலும் சரி என்றால் நிலைமை மறுபடியும் மாறும். மற்ற பெரும்பாலோரின் சிறந்த எறிதல் 85, 86 என்று நெருக்கமாக இருக்கும் களத்தில், ஆறில் ஒன்றாவது 86-ஐத் தாண்டாமல் போவது அபூர்வமான சீரானவர் முதல் மூன்றுக்குள் இருப்பது கிட்டத்தட்ட உறுதி. அதனால் "தங்கம் யாருக்கு", "பதக்கம் யாருக்கு" இரண்டும் ஒரே கேள்வி அல்ல. பட்டியல் போடுபவர்கள் இரண்டையும் கலந்துகட்டிச் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

2024 பாரிஸ் ஆண்கள் ஈட்டி இறுதிச்சுற்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். தகுதிச்சுற்றில் நீரஜ் சோப்ரா 89.34 மீட்டர், பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 86.59. அதற்கு முன் அர்ஷத்தின் வாழ்நாள் சாதனை 90.18. இறுதிச்சுற்றில் அர்ஷத்தின் முதல் எறிதல் ஃபவுல். இரண்டாவது 92.97, ஒலிம்பிக் சாதனை. நீரஜின் ஆறில் ஐந்து ஃபவுல், செல்லுபடியான ஒரே எறிதல் 89.45, அதற்கு வெள்ளி. ஒருவர் ஐந்து முறை ஃபவுல் செய்தும் வெள்ளி வாங்க முடிகிறது என்பதே இந்த விளையாட்டின் கணிதம் எப்படிப்பட்டது என்று காட்டிவிடுகிறது. 92.97 வரும் என்று யாரும் பெயர் சொல்லிக் கணித்திருக்க முடியாது. ஆனால் அகலமான வளைகோட்டின் வால் அதுவரை நீளும் என்று சொல்லியிருக்க முடியும்.

நூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதியில் ஆறு வாய்ப்பெல்லாம் இல்லை. அதே பாரிஸில் எட்டுப் பேரும் 10 நொடிக்குள் ஓடினார்கள். தங்கம் வாங்கிய நோவா லைல்ஸுக்கும் வெள்ளி வாங்கிய கிஷேன் தாம்சனுக்கும் இடைவெளி 0.005 நொடி. அங்கே எல்லா வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எந்தக் கணினியும் அங்கே உறுதியாகப் பேசக் கூடாது.

இத்தனை பேர், இத்தனை வளைகோடுகள், அப்புறம் ஃபவுல் வாய்ப்பு, காயம் என்று சேர்ந்துவிட்டால் சமன்பாடு போட்டுத் தீர்க்க முடியாது. அதனால் கணினியில் போட்டியையே நடத்திப் பார்த்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய வளைகோட்டிலிருந்து குருட்டாம்போக்கில் ஆறு எண்களை எடுத்து, வரிசைப்படுத்தி, மறுபடி பத்தாயிரம் முறை. மான்டி கார்லோ முறை என்று பெயர். 1946-ல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தபோது உதித்த யோசனை. விடை ஒரு பெயராக வராது. இவருக்கு 41 சதவீதம், அவருக்கு 22 என்றுதான் வரும். 41 சதவீதம் பெற்ற "முன்னணி" வீரர் தோற்பதுதான் அதிக வாய்ப்புள்ள முடிவு என்பதைத் தலைப்புப் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சதவீதம் சொல்லாத கணிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் நல்ல சாட்சி. 2010 உலகக்கோப்பை கால்பந்தில் எட்டுக்கு எட்டு ஆட்டம் சரியாகச் சொன்னது. வெறும் குருட்டு யோகத்தில் அது நடக்க வாய்ப்பு 256-ல் ஒன்று. அபூர்வம்தான். ஆனால் உலகம் முழுக்க 256 ஆக்டோபஸ், கிளி, யானைகளை உட்கார வைத்தால் சராசரியாக ஒன்று ஜெயித்துவிடும், நமக்குச் செய்தியில் வருவது அது மட்டும்தான். 2008 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இதே பால் தப்பாகச் சொன்னது யாருக்கும் நினைவில் இல்லை. ஜோசியர்களின் வரவு செலவும் இப்படித்தான் எழுதப்படுகிறது: பலித்தது வரவு, பலிக்காதது எழுதப்படுவதே இல்லை.

கணிப்பாளர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பிரிட்டன் 1996-ல் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பியது. பிறகு லாட்டரிப் பணத்தைப் பதக்க வாய்ப்புள்ள விளையாட்டுகளில் கொட்டி, 2012-ல் 65 பதக்கங்களுக்கு உயர்ந்தது. அதாவது அங்கே கணிப்பு வேடிக்கை பார்ப்பதில்லை, பணத்தைப் பங்கிடுகிறது. 2016 ரியோவில் பிரிட்டனின் பாட்மிண்டன் இரட்டையர் வெண்கலம் வாங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அடுத்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்க வாய்ப்புப் போதாது என்று அந்த விளையாட்டுக்கான நிதி நிறுத்தப்பட்டது. பிறகு ஒரு பகுதி திரும்ப வந்தது. டோக்கியோவில் அவர்களுக்குப் பதக்கம் வரவில்லை. கணிப்பு சரியாக இருந்ததா, நிதியை நிறுத்தி அதைச் சரியாக்கினார்களா என்று எந்த மான்டி கார்லோவை ஓட்டியும் பிரித்துச் சொல்ல முடியாது. நிதி கிடைத்த ஒரு பாட்மிண்டன் அணி எப்படி ஆடியிருக்கும் என்பதற்கு யாரிடமும் தரவு இல்லை.