அக்கிக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

மூன்று மாதம் முன்பு, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவை மகன் அழைத்து வந்தார். இடப்பக்க விலாவில் இருந்து முதுகு வரை காவி பூசியிருந்தது. மண்பாண்டம் செய்பவரிடம் அக்கி எழுதிக்கொண்டு ஐந்து நாள் காத்திருந்திருக்கிறார்கள். ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தேன். அடியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள், பாதி உடைந்து பொருக்குத் தட்டியிருந்தன. நடுமுதுகில் கோடு கிழித்தது போல நின்றுவிட்டன. ஒரே நரம்பின் பாதை அது. ஷுகர் 340.

"ரத்தத்துல இவ்வளவு சர்க்கரை இருக்கே டாக்டர், எதிர்ப்பு செல்லுக்கு அது நல்ல சாப்பாடுதானே?" என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. அன்றைக்கு அவசரத்தில் சொன்ன பதிலை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

அக்கி வெளியில் இருந்து புதிதாக ஒட்டுவதில்லை. சின்ன வயதில் சின்னம்மை தந்த அதே வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல வருடம் பதுங்கிக் கிடக்கிறது. அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பவை முக்கியமாக டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள்தான், ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை.

வேலை இல்லாத டி செல் சிக்கனமானது. செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு எரித்து, ஒரு குளுக்கோஸில் சுமார் 30 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) எடுத்துவிடும். வைரஸைக் கண்டதும் போக்கே மாறுகிறது. குளுக்கோஸை அள்ளி எடுத்து, பெரும்பகுதியை அரைகுறையாக உடைத்து லாக்டேட்டாக வெளியே தள்ளும். அந்த வழியில் கிடைப்பது 2 ஏடிபிதான். பார்க்க வீண் செலவாகத் தெரியும். ஆனால் ஒரு செல் சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருக வேண்டும். புது டிஎன்ஏவுக்கும் சவ்வுக்கும் மூலப்பொருள் இந்த வழியில்தான் வேகமாகக் கிடைக்கிறது. கல்யாணச் சமையலில் யார் விறகை எண்ணிப் பார்க்கிறார்கள்?

எலிகளின் டி செல்களில் கண்ட ஒன்று என்னை இன்னும் வியக்க வைக்கிறது. குளுக்கோஸை உடைக்கும் ஒரு நொதி, வேலை இல்லாதபோது, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தின் செய்முறைக் குறிப்பான ஆர்என்ஏவைப் பிடித்து அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. செல்லுக்குள் குளுக்கோஸ் வந்து குவிந்தால் அதை விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுகிறது. வைரஸை எதிர்க்கும் அந்தப் புரதமும் தாராளமாக உருவாகிறது.

சரி, மகனின் கேள்விக்கு வருவோம். குளுக்கோஸ் உள்ளே வர டி செல் தன் மேற்பரப்பில் குளுட்1 என்ற கதவுகளைக் கூட்ட வேண்டும். அது எதிரியைக் கண்ட சமிக்ஞையால் நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை வழிந்தாலும் அந்தச் சமிக்ஞைக்கு ஈடாகாது. தூண்டப்பட்ட டி செல்லுக்கு இன்சுலினும் ஊக்கம் தரும். இன்சுலின் எடுபடாத உடலில் அந்த ஊக்கம் மங்குகிறது. கூடவே நீண்டகால அழற்சியும் வயதும் எதிர்ப்பைக் குறைக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு அக்கி அதிகம் வருவதை நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம்.

அக்கி எழுதுபவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி காய்வதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது. அப்புறம், பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். பெருகும் டி செல்லுக்குப் புரதமும் வேண்டும். முட்டை, பருப்பு சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அக்கிக்கான இரண்டு தவணைத் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது, விலைதான் கூடுதல்.

அந்த அம்மாவுக்குக் கொப்புளங்கள் மூன்று வாரத்தில் ஆறின. எரிச்சல் இன்னும் போகவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே துடிக்கிறார்.