பலதேர்: பாட்டும் உலாவும் ஒட்டிய சொல்

அக்காள் மகன் இங்கே மொரீஷியஸில் மாஹேபூரிலிருந்து போர்ட் லூயிக்கு நாள்தோறும் வண்டி ஓட்டிப் போய் வருகிறவன். கராஜில் வண்டியை விட்டிருந்தபோது, "மாமா, வண்டியில வைக்க ஒரு பலதேர் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் கராஜ்காரப் பெரியவர், "ஏன் தம்பி, கியர் விழ மாட்டேங்குதா?" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். பலதேர் பிரெஞ்சுச் சொல். முதல் எழுத்தைப் 'பாக்கி' என்பதில் வரும் பகரம் போல ஒலிக்க வேண்டும். கையில் எடுத்துப் போகும் பாட்டுக் கருவிக்கும் அதுதான் பெயர்; கியர் பெட்டிக்குள் தண்டின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து பற்சக்கரங்களைச் சேர்த்துவைக்கும் உறுப்புக்கும் அதுதான் பெயர். மெக்கானிக் வண்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும் நீளவயர் விளக்குகூட இதே சொல்லின் பெண்பால் வடிவம்தான். மூன்றுக்கும் பொது, ஓரிடத்தில் நில்லாமல் உலாவுவது. தமிழ்க் காதில் இது 'பல தேர்' என்று விழுகிறது. வண்டிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது தற்செயல்.

இந்தப் பெயர் பாட்டுக் கருவிக்கு வந்த கதை சுவையானது. நடந்துகொண்டே நாடாவில் பாட்டுக் கேட்கும் சின்னக் கருவியான வாக்மேனை சோனி நிறுவனம் 1979-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பே அதனிடம் 'பிரஸ்மேன்' என்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. 'மேன்' அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தப் பெயர் எடுபடாது என்று நினைத்து, அமெரிக்காவில் சவுண்ட்அபவுட் என்றும் பிரிட்டனில் ஸ்டோஅவே என்றும் முதலில் விற்றார்கள். கடைசியில் வாக்மேன்தான் உலகம் முழுக்க நின்றது. அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர், அதிலும் அரைகுறை ஆங்கிலம். பிரெஞ்சு அரசு அதற்கு ஈடாக 1983-இல் பலதேர் என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. அரசு சொன்னதை மக்கள் அப்படியே எடுத்துக்கொள்வது அபூர்வம். இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாடா போய் எம்பி3 வந்தபோதும் 'எம்பி3 பலதேர்' என்று அதே பெயர் தொடர்ந்தது. பிரெஞ்சுச் செய்தித்தாளும் கிரியோல் பேச்சுமாக வாழ்கிற மொரீஷியஸில் நம் பிள்ளைகள் வாயிலும் அது ஏறிவிட்டது.

ஏன் பிடித்தது என்பதற்கு வேரைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சில் 'பலாத்' என்றால் காலாற நடப்பது. அதே ஒலியில் இன்னொரு 'பலாத்' உண்டு. அது ஒருவகைப் பாட்டு. எழுதும்போது மட்டும் பாட்டுக்கு இரண்டு லகரம், நடைக்கு ஒன்று. பிறப்பில் இரண்டும் ஒன்றே. பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து பிச்சை எடுப்பவர்களின் குழூஉக்குறியில் 17-ஆம் நூற்றாண்டில் பாட்டிலிருந்து ஒரு வினை பிறந்தது. அதுவே பிறகு சும்மா உலாவுவதைக் குறிக்க வந்தது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் கருவிக்கு அந்தப் பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்தபோது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன பாட்டும் நடையும் மறுபடி ஒட்டிக்கொண்டன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இசைக்கருவி' ஆகாது, அது நாதசுரத்துக்கும் மிருதங்கத்துக்கும் உரியது. 'இசை இயக்கி' என்று எழுதுகிறார்கள். இயக்கி என்றாலே எனக்குக் கணினியோடு பிரிண்டரைப் பேசவைக்கும் மென்பொருள்தான் நினைவுக்கு வருகிறது. 'இசைப்பான்' பரவாயில்லை, அழிப்பான் போலக் குறுகிய சொல். ஆனால் மேசையில் இருக்கும் பெட்டியும் இசைப்பான்தான், சட்டைப்பையில் இருப்பதும் இசைப்பான்தான். எடுத்துச் செல்வது என்ற பொருள் அதில் இல்லை. 'கையடக்க' என்று முன்னே சேர்த்தால் சொல் கையில் அடங்காது.

நம்மிடமும் பாட்டும் நடையும் ஒட்டிய சொல் ஒன்று இருக்கிறது: உலா. இறைவனோ அரசனோ தேரிலும் யானையிலும் வீதிவலம் வருவது உலா. அப்படி வருவதைப் பாடும் சிற்றிலக்கியமும் உலா. சேரமான் பெருமாள் நாயனார் பாடியதை ஆதியுலா என்றே சொல்வார்கள். பிரெஞ்சில் பாட்டிலிருந்து நடை பிறந்தது, தமிழில் நடையிலிருந்து பாட்டு பிறந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. 'உலாவி' என்ற சொல்லை இணையக்காரர்கள் பிரவுசருக்கு என்று முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். அதனால் வானம்பாடியைப் பார்த்து 'உலாப்பாடி' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வாக்மேனில் நடை மட்டுமே உண்டு. உலாவில் தேரும் உண்டு, ஆகவே வண்டிக்கும் பொருந்தும்.

அக்காள் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வண்டிக்கு உலாப்பாடி வாங்கும்போது முதலில் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். வண்டியின் வானொலிப் பெட்டியில் வெளிக்கருவியை மாட்டும் ஆக்ஸ் துளை இருந்தால் 3.5 மில்லிமீட்டர் கம்பி ஒன்று போதும். ஆக்ஸ் என்பது உதவி என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வாலறுந்த வடிவம்; 'துணைத்துளை' என்றால் கேட்கவும் நன்றாக இருக்கிறது. அது இல்லாத வண்டிக்கு எஃப்எம் வழியாக ஒலிபரப்பும் சின்னக் கருவியை வாங்கச் சொல்வார்கள். இந்தத் தீவில் அங்கேதான் வம்பு. இங்கே ஓடும் வண்டிகளில் ஏராளமானவை ஜப்பானில் ஓடி இறக்குமதியானவை. பழைய ஜப்பானிய வானொலிப் பெட்டி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் பிடிக்கும். கடையில் விற்கும் ஒலிபரப்பியோ 87.5 முதல் 108 வரை. இரண்டும் சந்திப்பது 87.5-க்கும் 90-க்கும் நடுவிலுள்ள சிறு சந்தில். அங்கே ஏதாவது நிலையம் இருந்துவிட்டால் முருகன் பாட்டுக்கு நடுவே வானிலை அறிக்கை வரும். எனக்கு வந்திருக்கிறது.

அப்புறம் பொத்தான். தொடுதிரை அழகுதான், ஆனால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் விரலால் தடவி அடுத்த பாட்டுக்குப் போக நிஜப் பொத்தான்தான் வேண்டும். கொள்ளளவுக்குக் கவலைப்பட வேண்டாம். வினாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் எம்பி3 நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு, 8 ஜிபியில் ஐந்து நிமிடப் பாட்டுகள் சுமார் 1,600 அடங்கும். சார்ஜும் ஏற்றிக்கொண்டே ஆக்ஸிலும் மாட்டினால் சில வண்டிகளில் வேகம் ஏற ஏறக் கூடவே ஏறும் கீச்சொலி ஒன்று கேட்கும்; அது கருவியின் குற்றமல்ல, மின்சுற்றின் குற்றம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது, லித்தியம் பேட்டரி உப்பிவிடும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவன் பொத்தான் வைத்த ஒன்றை வாங்கினான். இன்னமும் பலதேர் என்றுதான் சொல்கிறான். உலாப்பாடி என்று சொல்வது கராஜ்காரப் பெரியவர் ஒருவர்தான். கியர் பெட்டியோடு குழம்பாதாம்.