பாண்டி பஜாரை மூடினால் வண்டிகள் எங்கே போகும்?

"பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியது சரி. ஒரேயடியாகக் கார்களையே நிறுத்திவிட்டால், அத்தனை வண்டியும் ஜி.என். செட்டி சாலையிலும் வெங்கட்நாராயணா சாலையிலும் போய் முட்டாதா?" தி.நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறந்ததிலிருந்து நானும் இதையே யோசித்துக்கொண்டிருப்பதால், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்விக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. சாலைகள் குழாய்கள், வண்டிகள் தண்ணீர். ஒரு குழாயை அடைத்தால் மற்ற குழாய்களில் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? ஆனால் தண்ணீர்த் துளி யோசிக்காது. வண்டி ஓட்டுபவர் யோசிப்பார். எந்த வழி சீக்கிரம் என்று தினமும் பார்ப்பார், நேற்றைய அனுபவத்தை வைத்து இன்று வழியை மாற்றுவார். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து எவ்வளவு விநோதமான விளைவு வரும் என்பதை 1968-ல் டீட்ரிஷ் பிரேஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் காட்டினார்.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். காலையில் 3,000 வண்டிகள் வீட்டுப் பக்கத்திலிருந்து ஆபீஸ் பக்கம் போகின்றன. வழி இரண்டு. வடக்கு வழியில் முதலில் ஒரு குறுகலான தெரு, அப்புறம் அகலமான சுற்றுச்சாலை. தெற்கு வழியில் முதலில் சுற்றுச்சாலை, அப்புறம் குறுகல் தெரு. சுற்றுச்சாலையில் எத்தனை வண்டி வந்தாலும் 40 நிமிடம்தான். குறுகல் தெருவில் 100 வண்டிக்கு ஒரு நிமிடம் வீதம் நேரம் கூடும். வண்டிகள் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். 1,500 வண்டிக்கு 15 நிமிடம், சுற்றுச்சாலைக்கு 40. மொத்தம் 55 நிமிடம்.

இப்போது இரண்டு குறுகல் தெருக்களையும் இணைக்கிற மாதிரி நடுவில் ஒரு கடைத்தெருவைக் கார்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். கடக்க 2 நிமிடம். முதலில் அதைக் கண்டுபிடித்தவருக்கு யோகம்: 15, 2, 15, ஆக 32 நிமிடத்தில் ஆபீஸ். விஷயம் பரவுகிறது. ஒரு மாதத்தில் எல்லோரும் அந்த வழிதான். இப்போது ஒவ்வொரு குறுகல் தெருவிலும் 3,000 வண்டி, அதாவது 30 நிமிடம். 30, 2, 30, மொத்தம் 62! சரி, பழைய வழிக்கே திரும்பலாம் என்று ஒருவர் மட்டும் நினைத்தால் அவருக்கு 30-ம் 40-ம் சேர்ந்து 70 ஆகும். அதனால் யாரும் திரும்ப மாட்டார்கள். கடைத்தெருவை மறுபடி நடப்பவர்களுக்கே கொடுத்துவிட்டால், அத்தனை பேருக்கும் 7 நிமிடம் மிச்சம்.

எண்களைப் பார்த்தாலும் மனது ஏற்க மறுக்கும். எனக்கு இது உறைத்தது ஒரு தண்ணீர் பாட்டிலால்தான்.

1991-ல் ஜோயல் கோஹன், பால் ஹோரோவிட்ஸ் என்ற இருவர் 'நேச்சர்' இதழில், இதே முரண்பாட்டை ஸ்பிரிங்கையும் கயிற்றையும் வைத்துச் செய்யலாம் என்று எழுதினார்கள். ஹார்டுவேர் கடையில் ஒரே மாதிரி இரண்டு ஸ்பிரிங் வாங்கி வந்து, நானும் என் மகளும் ஜன்னல் கம்பியில் கட்டினோம். மேல் ஸ்பிரிங், அதன் அடியில் ஒரு சின்னக் கயிறு, கயிற்றின் கீழ் இன்னொரு ஸ்பிரிங், அதன் கீழே ஒரு லிட்டர் பாட்டில். கூடவே இரண்டு நீளமான கயிறுகள். ஒன்று ஜன்னல் கம்பியிலிருந்து கீழ் ஸ்பிரிங்கின் தலைக்கு, மற்றொன்று மேல் ஸ்பிரிங்கின் அடியிலிருந்து பாட்டிலின் கழுத்துக்கு. இரண்டும் எடை எதையும் சுமக்காமல் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருக்கும்.

நடுவிலுள்ள சின்னக் கயிற்றை வெட்டினால் என்ன ஆகும்? "கீழே இறங்கும்" என்றாள் மகள். கத்தரியை வைத்து வெட்டினோம். பாட்டில் லேசாக ஆடிவிட்டு, இரண்டு விரற்கடை மேலே போய் நின்றது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி கட்டி, மறுபடி வெட்டச் சொன்னாள்.

காரணம் எளிது. வெட்டுவதற்கு முன் ஸ்பிரிங்குகள் ஒன்றின் கீழ் ஒன்று, ஆகவே ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்குகிறது. வெட்டியதும், தொளதொளப்பாக இருந்த கயிறுகள் விறைத்து, ஸ்பிரிங்குகள் பக்கம் பக்கமாகப் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பாதி எடை, பாதி நீட்சி. இனி நம் ஊருக்கு வாருங்கள். பாரம் கூடக் கூட நீளும் ஸ்பிரிங்தான் குறுகல் தெரு. எவ்வளவு தொங்கவிட்டாலும் நீளம் மாறாத நெடுங்கயிறு சுற்றுச்சாலை. நடுவிலிருக்கும் சின்னக் கயிறு கடைத்தெரு. 100 கிராமுக்கு ஒரு செ.மீ. இழுபடும் ஸ்பிரிங், 40 செ.மீ. நெடுங்கயிறு, 2 செ.மீ. சின்னக் கயிறு, 3 கிலோ எடை என்று வைத்து, ஸ்பிரிங்கின் சொந்த நீளத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், வெட்டுமுன் எடை 62 செ.மீ. கீழே தொங்கும், வெட்டியபின் 55 செ.மீ. அதே எண்கள்! நிமிடம் சென்டிமீட்டரானதைத் தவிர ஒன்றும் மாறவில்லை. இயற்பியலில் இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் நான் படிக்கிறேன்.

ஆனால் எங்கள் முதல் முயற்சி தோற்றதையும் சொல்ல வேண்டும். நெடுங்கயிறுகளை அதிக நீளமாக விட்டுவிட்டோம். வெட்டியதும் பாட்டில் தொப்பென்று இறங்கியது. இதுதான் முக்கியமான பாடம். மாற்று வழி ஓரளவு நெருக்கமாக இருந்தால்தான் வெட்டு பலிக்கும். கற்பனை ஊரில் சுற்றுச்சாலை 40-க்குப் பதில் 50 நிமிடம் என்றால், மூடிய பின் 65 நிமிடம், நஷ்டம்தான். எந்தத் தெருவை மூடினாலும் நெரிசல் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிஜ ஊர்களில் நடந்திருக்கிறதா? நியூயார்க்கில் 1990 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று 42-ஆம் தெருவை மூடினார்கள். பெரும் நெரிசல் வரும் என்று பயந்தது நடக்கவில்லை, போக்குவரத்து சற்று எளிதாகவே இருந்தது. 2009 மே மாதம் அதே நகரத்தில் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டி பிராட்வே சாலையைக் கார்களுக்கு அடைத்து நாற்காலிகள் போட்டார்கள். கட்டம் கட்டமாக இருக்கும் மன்ஹாட்டன் தெருக்களைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிற சாலை பிராட்வே. அது புகுந்த சந்திப்பிலெல்லாம் சிக்னல் நேரத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதை எடுத்ததும் மற்ற இரண்டு சாலைகளுக்கும் பச்சை விளக்கு நேரம் கூடியது. டாக்சிகளின் ஜி.பி.எஸ். பதிவுகளை நகராட்சி ஆராய்ந்தபோது, அப்பகுதியில் வடக்கு நோக்கிய பயணங்கள் 17 சதவீதம் வேகமாகியிருந்தன. நடப்பவர்களுக்கு ஏற்படும் காயங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. இந்த இரண்டாவது எண்தான் எனக்குப் பெரிது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கணக்கில் 3,000 வண்டியும் தினமும் வரும். நிஜத்தில் சில வராமலே போகும். சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் ஆகியோர் 11 நாடுகளில் சாலையிடம் குறைக்கப்பட்ட 70 இடங்களைப் பார்த்து 2002-ல் எழுதினார்கள். பாதி இடங்களில், முன்பு ஓடிய வண்டிகளில் 11 சதவீதத்துக்கும் மேல் சுற்றுவட்டாரத்தில் எங்குமே காணோம். இதற்குப் பெயர் போக்குவரத்து ஆவியாதல். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் வண்டி கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். வேலையை முந்தின நாளே முடிப்பவர்கள் உண்டு, பறக்கும் ரயிலில் வருபவர்கள் உண்டு, லஸ்ஸில் இறங்கி நடப்பவர்கள் உண்டு.

ஆகவே தி.நகர் வாசகருக்கு என் பதில்: பாண்டி பஜாரின் நெடுங்கயிறு எவ்வளவு நீளம் என்று அளந்தால்தான் தெரியும். அளப்பதற்குத்தான் நாம் செலவழிப்பதில்லை என்பது என் வருத்தம். ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதும், சுற்றியுள்ள சந்திப்புகளில் ஒரு வருடம் முழுக்க வண்டிகளையும் நடப்பவர்களையும் எண்ணிவிடலாம். உள்ளூர்க் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். பனகல் பார்க்கில் மெட்ரோ நிலையம் வருகிறது, அப்போது அந்தக் கயிறு ஒரே நாளில் குட்டையாகும். எண்ணுவதை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, அதற்கு முன் தெரு எப்படி இருந்தது என்று அளக்க வழியே கிடையாது.